குறுகிய பத்திக்குத் தைத்த சட்டை: டைம்ஸ் நியூ ரோமனின் கதை

கல்லூரிக் கடைசி வருடம் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டிடிபி சென்டருக்குப் போனபோது, அங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா தலையைக்கூடத் தூக்காமல் கேட்டார்: "டைம்ஸ்தானே தம்பி? பன்னெண்டு, ஒன்றரை?" ஆமாங்கா என்றேன். எழுத்துரு பற்றி அதுவரை நான் எடுத்திருந்த ஒரே முடிவு அதுதான், அதையும் நான் எடுக்கவில்லை. துறையில் கொடுத்த வடிவமைப்புத் தாளில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு, 12 பாயின்ட் அளவு, ஒன்றரை வரி இடைவெளி என்று போட்டிருந்தது. எங்களுக்கு முந்தைய பேட்ச்சும் அப்படித்தான், அதற்கு முந்தையதும் அப்படித்தான்.

பல வருடம் கழித்து வீட்டுப் பரணில் இருந்து அந்த ரிப்போர்ட் கையில் கிடைத்தது. இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. என் ஆங்கிலம் ஒரு காரணம், சரி. ஆனால் வேறு எதுவோ ஒன்றும் கண்ணைப் படுத்தியது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது எந்த வரியில் இருந்தேன் என்று தேட வேண்டியிருந்தது. அப்புறம்தான் இந்த எழுத்து எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தேன்.

டைம்ஸ் நியூ ரோமனைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். சலிப்பு, சோம்பேறிகளின் தேர்வு, அரசாங்க அலுவலக வாடை என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது மிகக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்ட எழுத்து. என்ன ஒன்று, லண்டன் நாளிதழ் ஒன்றின் ஒல்லியான பத்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் எல்லோருக்கும் எல்லா விசேஷத்துக்கும் மாட்டிவிட்டிருக்கிறோம்.

அந்த நாளிதழ் 'தி டைம்ஸ்'. 1920களின் கடைசியில் அதன் பக்கங்கள் பார்ப்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டவை. அச்சு எழுத்துருக்கள் செய்யும் மோனோடைப் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்த ஸ்டான்லி மோரிசன் இதைக் காட்டமாக விமர்சித்தார், பேச்சு பத்திரிகை நிர்வாகத்தின் காதுக்குப் போனது. இவ்வளவு பேசுகிறவர் வந்து செய்துதான் காட்டட்டுமே என்ற ரீதியில் அவரையே ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். மோரிசன் சுவாரசியமான ஆள். 1889இல் பிறந்தவர், குடும்பச் சூழலால் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர், முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சிறைக்குப் போனவர். வடிவமைப்புக் கல்லூரி எதையும் பார்த்ததில்லை. அச்சு வரலாற்றைத் தானாகவே படித்து, அதில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத இடத்துக்கு வந்தவர்.

1930இல் எழுத்துருவை மாற்ற வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். ஏற்கெனவே இருந்த சில எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தார்கள். எரிக் கில் வரைந்த பர்பெச்சுவா அழகுதான், ஆனால் நாளிதழுக்கு நோஞ்சான். பிளான்டின் உறுதியானது, ஆனால் இடத்தை அடைக்கும். கடைசியில் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று முடிவானது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மோரிசன் கையில் பென்சில் எடுத்து வரைகிறவர் இல்லை. டைம்ஸின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த விக்டர் லார்டென்ட் என்ற ஓவியர்தான் எழுத்துகளை வரைந்தார். பிளான்டின் அச்சகம் பதினாறாம் நூற்றாண்டில் அச்சிட்ட பக்கம் ஒன்றின் நகலை மோரிசன் தன்னிடம் மாதிரியாகக் கொடுத்ததாக லார்டென்ட் பிற்பாடு சொன்னார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் இருந்த அந்த அச்சகம் இன்று அருங்காட்சியகம். மோனோடைப் 1913இல் வெளியிட்ட பிளான்டின் எழுத்துருவும் அங்கிருந்து எடுத்ததுதான், அதன் மூலம் ரொபேர் கிரான்ஷோன் என்ற பிரெஞ்சுக்காரர் உலோகத்தில் வெட்டிய எழுத்து. ஆக, ஒரு பிரெஞ்சுக்காரர் வெட்டியது ஒரு பெல்ஜியம் அச்சகத்தில் வாழ்ந்து, ஒரு இங்கிலீஷ் விளம்பர ஓவியர் கையால் திரும்பப் பிறந்திருக்கிறது. பெயர் என்னவோ மோரிசனுக்குத்தான் போனது.

இல்லை, இதை வரைந்தது ஸ்டார்லிங் பர்ஜெஸ் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர், அதுவும் 1904இலேயே என்று மைக் பார்க்கர் என்ற எழுத்துரு வல்லுநர் 1994இல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை என்பதால் துறையே பரபரப்பானது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை. எனக்கும் இது நல்ல கதை என்ற அளவிலேயே நிற்கிறது, ஏனென்றால் பிளான்டினை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது, அதற்குப் படகுக்காரர் தேவையே இல்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். முதலில் செரிஃப் என்றால் என்ன? ஆங்கில எழுத்தில் ஒரு கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதுதான். டைம்ஸில் இருக்கும், ஏரியலில் இருக்காது. டைம்ஸில் இந்தப் பாதங்கள் கூர்மையானவை, தண்டோடு சேரும் இடத்தில் லேசான வளைவு, முனையில் கத்தி மாதிரி மெலிவு. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசமும் அதிகம். ஓ என்ற வட்ட எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பக்கவாட்டில் தடிப்பு, மேலும் கீழும் மெலிவு, அந்த மெலிவு நேர் உச்சியில் இல்லாமல் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். அகலமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய காலத்தின் மிச்சம் அது.

கெட்டிக்காரத்தனம் உயரத்தில் இருக்கிறது. சின்ன எக்ஸ் எழுத்தின் உயரத்தை எக்ஸ் உயரம் என்பார்கள். டைம்ஸில் இது தாராளம். ஹெச், எல், கே மாதிரி எழுத்துகளில் மேலே நீளும் குச்சியையும், ஜி, ஒய் மாதிரி எழுத்துகளில் கீழே தொங்கும் வாலையும் வெட்டிச் சுருக்கிவிட்டு, நடு உடம்பைப் பெரிதாக வைத்தார்கள். இதனால் இரண்டு லாபம். 9 பாயின்ட் எழுத்து 10 பாயின்ட் மாதிரி தெரியும். வாலும் குச்சியும் குட்டை என்பதால் வரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கலாம். அதோடு எழுத்துகளின் அகலத்தையும் கொஞ்சம் இறுக்கினார்கள், அதனால் ஒரு வரியில் கூடுதலாக ஒரு சொல் ஏறும். நாளிதழில் இடம்தான் காசு, ஒரு பத்திக்கு இரண்டு வரி மிச்சம் என்றால்கூட வருடக் கணக்கில் அது எத்தனை பக்கம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குறுகலாக, இறுக்கமாக இருப்பதால் இது மலிவான நாளிதழ்த் தாளுக்காகச் செய்தது என்று நினைக்கிறோம். நேர் எதிர். அந்தக் காலத்தில் மட்டமான தாளுக்கு என்றே லைனோடைப் என்ற இன்னொரு நிறுவனம் 1925இல் ஐயானிக் என்ற எழுத்துருவை வெளியிட்டிருந்தது, தடித்த கோடு, தடித்த பாதம், மை பரவினாலும் அடையாளம் அழியாது, பத்திரிகைகள் அதை அள்ளிக்கொண்டன. டைம்ஸ் அந்த வழியில் போகவில்லை. அது மேல்தட்டு வாசகர்களின் பத்திரிகை, நல்ல தாளில் கவனமாக அச்சிடும் வசதி இருந்தது. அதனால்தான் மெல்லிய கோடுகளும் கூர்மையான முனைகளும் கொண்ட எழுத்தை அவர்களால் தாங்க முடிந்தது. மற்ற பத்திரிகைகள் தயங்கியதும் இதனால்தான். அமெரிக்காவில் முதலில் இதை எடுத்தது ஒரு மாத இதழ், 'வுமன்ஸ் ஹோம் கம்பானியன்', 1941 டிசம்பரில். நாளிதழ் என்று பார்த்தால் 'சிகாகோ சன்-டைம்ஸ்' 1953இல்தான் இதற்கு மாறியது.

தடித்த வடிவம், அதாவது போல்டு, தனிக் கதை. சாதாரண எழுத்தின் ஓவில் இடதுபக்கம் சாய்ந்திருந்த மெலிவு, போல்டின் ஓவில் நிமிர்ந்து நேர் உச்சிக்கு வந்துவிடும். மொத்த தோரணையே பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தின் தோரணை. ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டாலும் அண்ணனும் தம்பியும் வேறு வேறு ஊரில் வளர்ந்த மாதிரி இருக்கும். நாளிதழில் போல்டு தலைப்பில் தனியாக நின்றதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாம்தான் ஒரே வரிக்குள் நாலு சொல்லை போல்டு ஆக்கி வைக்கிறோம், அப்போது அந்த நாலு சொல்லும் வேற்று ஊர்க்காரர்களாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

1932 அக்டோபர் 3ஆம் தேதி இதழில் புது எழுத்து வந்தது. அன்றைக்கே முதல் பக்கத்தின் உச்சியில் இருந்த பழைய கோதிக் பாணித் தலைப்பெழுத்தும் போய் ரோமன் எழுத்து வந்தது, பழைய வாசகர்களுக்கு அதிலும் மனத்தாங்கல். பெயரில் 'நியூ' வந்ததற்குக் காரணம் அதுவரை இருந்த எழுத்தை 'டைம்ஸ் ஓல்டு ரோமன்' என்று சொன்னதுதான். ஒரு வருடம் பத்திரிகை தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது, 1933இல் விற்பனைக்கு வந்தது. மோரிசன் தன் படைப்பைத் தானே கிண்டலும் செய்தார். கைத்தொழிலின் காதலரான வில்லியம் மோரிஸ் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் குரலிலேயே எழுதினார்: அகலமாகவும் தாராளமாகவும் இருந்திருக்க வேண்டியது, பேராசையாலும் இயந்திரத்தாலும் குறுகிக் கஞ்சத்தனமாகிவிட்டது என்று. கிண்டல்தான், ஆனால் தான் செய்த பொருளின் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

மோனோடைப்புக்கும் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. இந்தக் குறுகல் புத்தகப் பக்கத்துக்கு ஒத்துவராது என்று 1938இல் 'டைம்ஸ் வைடு' என்று அகலமான வடிவம் ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். ஈய எழுத்துக் காலத்தில் புத்தக அச்சகங்கள் அதை விரும்பிப் பயன்படுத்தின. கணிதச் சமன்பாடுகளுக்கு 1950களில் தனித் தொகுப்பே உருவாக்கினார்கள். அதாவது அன்றைக்கு 'டைம்ஸ்' என்பது ஒரே எழுத்து இல்லை, வேலைக்கு ஏற்ப வேறு வேறு வெட்டு, அளவுக்கு ஏற்ப வேறு வேறு வரைவு. சின்ன அளவில் வரும் எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாகவும் தளர்வாகவும் வரைவது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம்.

கணினிக்கு வந்தபோது இதெல்லாம் சுருங்கி ஒரே வரைவானது. 'டைம்ஸ் வைடு' வரவே இல்லை. 8 பாயின்ட்டுக்கும் 80 பாயின்ட்டுக்கும் ஒரே உருவத்தைப் பெருக்கிச் சுருக்கிக்கொள்கிறோம். இன்னொரு இழப்பு கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாதது. ஈய எழுத்தை மை தடவித் தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் லேசாகப் பிதுங்கும், ஆகவே தாளில் விழும் கோடு ஈயத்தில் இருந்த கோட்டைவிடத் தடிப்பு. வரைந்தவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் மெல்லியதாக வரைந்தார்கள். லேசர் பிரிண்டர் அப்படிப் பிதுக்காது. 1930களின் டைம்ஸ் பக்கத்தில் இருந்த கனம் இன்றைக்கு நம் பிரின்ட் அவுட்டில் இல்லாமல் வெளிறித் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எப்படி இது உலகம் முழுக்கப் பரவியது? அழகுக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆப்பிள் 1985இல் லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறியைக் கொண்டுவந்தபோது அதற்குள் டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர், சிம்பல் என்று எழுத்துக் குடும்பங்களை வைத்து அனுப்பியது. பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்தைப் பயன்படுத்துவது சுலபம், வேகம், கூடுதல் செலவில்லை. ஆப்பிள் எடுத்தது லைனோடைப் நிறுவனத்தின் வடிவம், அதன் பெயர் வெறும் 'டைம்ஸ்'. மைக்ரோசாஃப்ட் மோனோடைப்பிடம் போய் 'டைம்ஸ் நியூ ரோமன்' வாங்கி 1992இல் விண்டோஸ் 3.1 உடன் கொடுத்தது. லைனோடைப் எழுத்தின் அகலத்தோடு ஒத்துப்போகும்படி அதைச் சரிசெய்திருந்தார்கள், ஒரு கணினியில் அமைத்த பக்கம் இன்னொன்றில் கலையக் கூடாது என்பதற்காக. பின்னால் லினக்ஸ் உலகத்துக்கு 2007இல் வந்த லிபரேஷன் செரிஃப் எழுத்தும் அதே அகலக் கணக்கைப் பின்பற்றியது. உருவம் வேறு, ஆனால் இட அளவு ஒன்று. இதை யோசித்தால் வியப்பாக இருக்கிறது, லண்டன் பத்திரிகை இடத்தை மிச்சப்படுத்தக் கணக்குப் போட்ட எழுத்து அகலம் இன்று திறந்த மூல மென்பொருளிலும் ஒளிந்திருக்கிறது.

வேர்டு மென்பொருளைத் திறந்தால் தானாக வரும் எழுத்தாக 2007இல் கலிப்ரி வரும்வரை இதுதான் இருந்தது. உலாவியிலும் அதே கதை. ஒரு வலைப்பக்கத்தின் வடிவமைப்புக் கோப்பு இறங்காமல் போனால் பக்கம் மொட்டையாக வெள்ளைப் பின்னணியில் கறுப்பு டைம்ஸில் வந்து நிற்கும். இணையம் மெதுவாக இருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி மாதிரி எழுத்துருக்களில் தமிழ் அடித்த காலத்தில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். அந்தக் குப்பை பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமனில்தான் இருக்கும். திருமண அழைப்பிதழ் புரூஃபைத் திறந்து பார்த்து நெஞ்சு படபடத்தவர்கள் எத்தனை பேரோ. எதுவும் கிடைக்காத இடத்தில் கூப்பிடாமலேயே வந்து நிற்பது என்ற பெயர் இதற்கு இப்படித்தான் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் இதை யாரோ ஒருவர் யோசித்து வரைந்தார் என்பதே நமக்கு உறைப்பதில்லை.

தானாக வருவது என்ற இந்தக் குணம் ஒருமுறை அமெரிக்கத் தேர்தல் அரசியலிலேயே புகுந்தது. 2004 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் இளமைக்கால ராணுவச் சேவை பற்றி 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை என்று சில குறிப்புகளைக் காட்டியது. பார்த்தவர்களில் சிலருக்கு உடனே பொறி தட்டியது. எழுத்துகளின் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, அந்தக் காலத்து அலுவலகத் தட்டச்சுப் பொறிகளில் இது அபூர்வம். ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் 'த்' (th) விகுதி சின்னதாகி மேலே ஏறி நிற்கிறது. ஒருவர் வேர்டைத் திறந்து, எந்த அமைப்பையும் மாற்றாமல், அதே வாசகத்தை டைம்ஸ் நியூ ரோமனில் அடித்து மேலே வைத்துப் பார்த்தார், வரி முறியும் இடம் உட்படப் பொருந்தியது. ஆவணங்கள் உண்மையானவை என்று தங்களால் நிரூபிக்க முடியாது என்று சிபிஎஸ் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அரசாங்கங்கள் இந்த எழுத்தை வைத்து விளையாடுவது தனி நாடகம். அமெரிக்க வெளியுறவுத் துறை 2004இல்தான் தட்டச்சுக்கால கூரியரை விட்டு 14 பாயின்ட் டைம்ஸ் நியூ ரோமனுக்கு வந்தது. 2023இல் ஆன்டனி பிளிங்கன் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் என்று பாதம் இல்லாத கலிப்ரிக்கு மாறினார்கள். 2025 டிசம்பரில் அவருக்கு அடுத்து வந்த மார்கோ ரூபியோ மறுபடி டைம்ஸ் நியூ ரோமனுக்கே திருப்பினார், அதிகாரபூர்வ ஆவணத்துக்கு ஒரு கண்ணியம் வேண்டும் என்று. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் எழுத்தைப் பார்த்துப் பேசவில்லை. பாதம் உள்ள எழுத்தா இல்லாத எழுத்தா எது படிக்கச் சுலபம் என்பதில் ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டியதே இல்லை. அளவு, வரி நீளம், வரி இடைவெளி ஆகியவை அதைவிடப் பெரிய விஷயம். கண்ணியம் என்று பார்த்தால், 1932இல் பழைய வாசகர்களுக்குப் புதுமைக் கோலமாகத் தெரிந்ததுதான் இது.

பழைய கணினித் திரைகளில் இதைப் படிப்பதில் இன்னொரு சிரமமும் இருந்தது. அங்குலத்துக்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் மெல்லிய கோட்டை ஒரு புள்ளிக்குக் குறைவாகக் காட்ட முடியாது, தடித்த கோடும் ஒன்று அல்லது இரண்டு புள்ளி. அந்த நுட்பமான தடிப்பு மெலிவு எல்லாம் போய், பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். இதற்காகவே மைக்ரோசாஃப்ட் மேத்யூ கார்ட்டரை வைத்து ஜார்ஜியா எழுத்துருவைத் திரைக்கென்று செய்து 1996இல் வெளியிட்டது. இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஜார்ஜியா ஒரு சுற்றுப் பெருத்தவர், தளர்வாக உட்காருவார். இன்றைய கைபேசித் திரைகளில் புள்ளிகள் அடர்த்தி என்பதால் டைம்ஸ் மறுபடி தன் உருவத்தோடு தெரிகிறது. போதாக்குறைக்குக் கைபேசித் திரை குறுகல், கிட்டத்தட்ட பத்திரிகைப் பத்தியின் அகலம்தான், அங்கே இது சரியாகவே உட்காருகிறது.

அகலத்துக்கு வந்துவிட்டோம், என் ரிப்போர்ட்டின் நோய் அங்கேதான். ஏ4 தாள் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2.5 செ.மீ. விட்டால் வரி 16 செ.மீ. அதில் 12 பாயின்ட் டைம்ஸ் நியூ ரோமன், இடைவெளிகளையும் சேர்த்து, ஏறக்குறைய 90 எழுத்து பிடிக்கும். நிம்மதியாகப் படிக்க வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை என்பது அச்சுத் தொழிலில் பழைய கணக்கு. நாளிதழ்ப் பத்தியில் 35, 40தான் வரும். எழுத்தை இறுக்கிச் செய்தது அந்தக் குறுகிய பத்தியில் சொற்கள் ஏறட்டும் என்பதற்காக. அதே இறுக்கத்தை அகலத் தாளில் போட்டால் வரி முடிவில்லாமல் போகிறது, கண் திரும்பி வரும்போது வழி தவறுகிறது. 1.5 இடைவெளி கொடுப்பது இந்த நோய்க்குப் போடும் கட்டுதான்.

இதே எழுத்து, மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐட்ரிபிள்இ (IEEE) வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம், 10 பாயின்ட். வரிக்கு 60 எழுத்துப் பக்கம் வரும். அங்கே இது தன் சொந்த வீட்டில் இருக்கிறது, சமன்பாடுகளோடும் ஒட்டிப் போகிறது. அறிவியல் பதிப்பகங்கள் சேர்ந்து உருவாக்கி 2010இல் வெளியிட்ட ஸ்டிக்ஸ் எழுத்துருக்களும் டைம்ஸை ஒட்டியவைதான்.

அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த அச்சு வழிகாட்டியில் இதை நேரடியாகவே சொல்லியிருக்கிறது. டைம்ஸ் பத்திரிகை இந்த எழுத்தை எடுத்தது சட்டென்று படித்துவிட்டுப் போகும் வாசகருக்காக, நீங்கள் எழுதுவதை நீதிபதி வேகமாகப் படித்துத் தூக்கி எறிய வேண்டுமா, மனதில் நிறுத்த வேண்டுமா என்ற தொனியில். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சென்சுரி குடும்ப எழுத்தைத்தான் கேட்கிறது. வாஷிங்டன் டி.சி. வட்டார நீதிமன்றம் 2021இல் கராமண்ட் வேண்டாம், சென்சுரியோ டைம்ஸ் நியூ ரோமனோ போடுங்கள் என்றது. நீதிபதிகளுக்கு எழுத்துருவில் இவ்வளவு அக்கறை இருப்பது ஒரு வகையில் ஆறுதல்.

எழுத்தைப் பெற்ற பத்திரிகையே இப்போது இதைப் பயன்படுத்துவதில்லை. நாற்பது வருடம் ஓட்டிவிட்டு 1972இல் வால்டர் ட்ரேசி செய்த டைம்ஸ் யூரோப்பாவுக்கு மாறியது, 1980களில் கொஞ்ச காலம் திரும்பி வந்தது, அப்புறம் 1991இல் ஒன்று, 2001இல் ஒன்று, 2006இல் டைம்ஸ் மாடர்ன். தாள் மாறியது, அச்சு மாறியது, பக்க அளவு மாறியது, அவர்களும் எழுத்தை மாற்றிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையைத்தான் நம் துறைத் தலைவர்கள் இன்றும் கட்டாயம் என்கிறார்கள்.

கட்டாயம் என்றால் என்ன செய்வது? எழுத்தை மாற்ற முடியாவிட்டால் வரியைச் சுருக்குங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் மனுக்களுக்குக் கொடுத்த அமைப்பைப் பாருங்கள்: ஏ4 தாள், டைம்ஸ் நியூ ரோமன், 14 பாயின்ட், 1.5 இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம். முதலில் பார்த்தபோது இவ்வளவு ஓரமா, தாள் வீணாகிறதே என்றுதான் எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரி 13 செ.மீ., 14 பாயின்ட்டில் ஏறக்குறைய 62 எழுத்து. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, வரி நீளம் சரியான இடத்தில் வந்து நிற்கிறது. என் பழைய ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தை அந்த அளவுக்கு மாற்றி எடுத்துப் பார்த்தேன். இந்த முறை வரியைத் தொலைக்காமல் கடைசி வரை படிக்க முடிந்தது. ஆங்கிலம் மட்டும் அப்படியேதான் இருந்தது.